கலமசூவும் அதன் மாறிய தலைமைகளும்: ஒரு மருந்து நிறுவனத்தின் வரலாறு

மருந்து நிறுவனங்களில் மேலிடம் மாறும்போது பணியாளரிடையே எழும் கசப்பை வேலையிழப்போடு மட்டும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே பொதுவழக்கம். ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ நகரில் 1994 முதல் 2007 வரை நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், பெரிய ஆட்குறைப்பு அறிவிப்புகள் வருவதற்கு முன்பே அந்தக் கசப்பு முற்றியிருந்தது என்பதும், அதன் வேர் வேறிடத்தில் இருந்தது என்பதும் தெரியவரும். ஒரு மருந்து ஆய்வகத்தில் கருக்கொண்டு கடைக்கு வந்துசேரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆவது இத்தொழிலின் இயல்பு. அப்படி ஒரே ஒரு மருந்து முதிர்ந்துவரும் காலத்திற்குள் கலமசூவின் மருந்துத் தொழிலை ஆண்ட தலைமைச் செயல் அதிகாரிகள், அதாவது நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்திற்கு முழுப் பொறுப்பேற்கும் உயர் அலுவலர்கள், ஒருவர்பின் ஒருவராக ஐந்து பேர் வந்துபோனார்கள். தலைமையகமும் கலமசூவிலிருந்து லண்டனை ஒட்டிய விண்ட்சருக்கும், அங்கிருந்து நியூ ஜெர்சிக்கும், பின்பு நியூயார்க்கிற்கும் இடம்பெயர்ந்தது. வருகிற ஒவ்வொரு தலைமையும் முந்தைய தலைமை தொடங்கிவைத்த ஆய்வுகளைப் புதிதாக எடைபோட்டது. எடைபோட்டவர்கள் அந்த ஆய்வுகள் முடியும்வரை பதவியில் இருக்கவில்லை.

சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்த இந்நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செலரித் தண்டின் சாகுபடிக்கும், அதையடுத்துக் காகித ஆலைகளுக்கும், கிப்சன் கிதார்களுக்கும், செக்கர் டாக்சிகளுக்கும் பெயர்பெற்றது. மருந்துத் தொழிலை இங்கே ஊன்றியவர் வில்லியம் எராஸ்டஸ் அப்ஜான். அருகிலுள்ள ரிச்லாந்தில் 1853இல் பிறந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, ஹேஸ்டிங்ஸ் என்னும் சிற்றூரில் வைத்தியம் பார்த்துவந்த அவரை அலைக்கழித்த சிக்கல் மிக எளிமையானது: அக்காலத்து மாத்திரைகள் கரைவதில்லை. மருந்துப் பொடியை ஒட்டுப்பொருளோடு பிசைந்து உருட்டிக் காயவைத்து மேற்பூச்சு இட்ட அந்த உருண்டைகள், நாள்பட நாள்பட இறுகி, வயிற்றுக்குள் போய்ப் போனபடியே வெளியேறுவதும் உண்டு. அப்ஜான், சுழலும் சட்டியில் நுண்துகள்களை இட்டு, ஈரம் தெளித்து, மருந்துப் பொடியைச் சிறிது சிறிதாகத் தூவி, சீரக மிட்டாய் திரள்வதுபோல அடுக்கடுக்காகத் திரளவைக்கும் முறையைக் கண்டறிந்து 1885இல் காப்புரிமை பெற்றார். இவ்வாறு திரண்ட மாத்திரையைக் கட்டைவிரலால் அழுத்தினாலே பொடியாகிவிடும். 1886இல் சகோதரர்களுடன் சேர்ந்து கலமசூவில் நிறுவனத்தைத் தொடங்கியபின், மாத்திரையை நசுக்கும் கட்டைவிரலையே அவர் வணிகச் சின்னமாக்கினார். மருத்துவர்களுக்கு ஒரு சிறு பைன் பலகையையும் இருவகை மாத்திரைகளையும் அனுப்பிவைத்து, போட்டியாளரின் மாத்திரையைச் சுத்தியலால் அடித்தால் அது உடையாமல் பலகைக்குள் புதைந்துபோவதை அவர்களே கண்டுகொள்ளும்படி செய்தது, அமெரிக்க மருந்து விளம்பர வரலாற்றில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் உத்தியாகும்.

1902இல் அப்ஜான் கம்பெனி என்று பெயர் சுருங்கிய அந்நிறுவனத்திற்கும் நகரத்திற்கும் இருந்த உறவு, சம்பளம் தருபவர், பெறுபவர் என்ற அளவில் நின்றுவிடவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர்கள் கொள்கை வகுக்க, பணியமர்த்தப்பட்ட மேலாளர் நிர்வாகம் பார்க்கும் ஆட்சிமுறைக்கு நகரம் மாறியபோது முதல் மேயராக இருந்தவர் நிறுவனரே. 1925இல் நகர நலனுக்கான அறக்கட்டளைக்கு அவர் வித்திட்டார். பெருமந்தம் முற்றியபோது, வேலையிழந்தவர்கள் தம் உணவைத் தாமே விளைவித்துக்கொள்ள ரிச்லாந்துப் பகுதியில் பண்ணை நிலம் வாங்கி, வேலையின்மையின் காரணங்களை ஆராய 1932இல் ஓர் அறநிதியையும் ஏற்படுத்தினார். அந்த நிதியிலிருந்து 1945இல் உருவான அப்ஜான் வேலைவாய்ப்பு ஆய்வு நிறுவனம் இன்றும் கலமசூவிலேயே இயங்குகிறது. வேலையின்மையை ஆராயப் பணம் வைத்துவிட்டுப் போன முதலாளியின் நிறுவனமே எழுபது ஆண்டுகள் கழித்து அந்நகரில் வேலையின்மைக்குக் காரணமானது என்பதை வரலாற்றின் விபரீதம் என்றுதான் சொல்லவேண்டும்.

1932இல் நிறுவனர் இறந்தபின்னும் தலைமை குடும்பத்தைவிட்டு அகலவில்லை. அண்ணன் தம்பி பிள்ளைகளுள் ஒருவர், நிறுவனரின் இரண்டாம் மனைவிக்கு முந்தைய மணத்தில் பிறந்த மகனும் நிறுவனரின் மகளையே மணந்துகொண்டவருமான டொனால்டு கில்மோர், அவருக்குப்பின் மருத்துவரான கிஃபர்டு அப்ஜான், பின்னர் கில்மோரின் மருமகன் ரே பார்ஃபெட் என்று 1987 வரை ஆட்சி உறவுமுறைக்குள்ளேயே கைமாறியது. 1950களின் இறுதியில் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோதும் இந்த வழக்கம் குலையவில்லை. மேலாளர் பதவிகளுக்கு உள்ளிருந்தே ஆட்களை உயர்த்தும் மரபும், தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டார் வேலைக்குச் சேரும் மரபும் இதோடு சேர்ந்து வளர்ந்தன. தலைவரின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது ஆலைத் தொழிலாளிக்கும் தெரிந்திருந்த ஊர் அது. அவரைக் குறைசொல்ல நினைத்தவர்கள் கடிதம் எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை.

எனினும் பின்னாளில் பணியாளர்கள் ஏங்கிப் பேசிய அந்தக் குடும்ப ஆட்சியைக் குறையற்றதாகக் கொள்வது வரலாறு ஆகாது. டெட்ராசைக்ளினையும் நோவோபயோசினையும் கலந்து பானால்பா என்ற பெயரில் இந்நிறுவனம் விற்றுவந்த கூட்டு மருந்தால் ஆபத்தே மிகுதி, கூடுதல் பயன் இல்லை என்று தேசிய அறிவியல் கழகத்தின் வல்லுநர் குழு முடிவுசெய்தபின்பும், அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளாமல் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பை எதிர்த்து 1969இல் வழக்காடியது இதே குடும்பத் தலைமைதான். 1964இல் பார்க்-டேவிஸ் என்ற மற்றொரு மிச்சிகன் மருந்து நிறுவனத்தோடு சேர்ந்து ஜாக்சன் சிறைச்சாலையில் கைதிகள்மேல் மருந்துகளைச் சோதிக்கக் கூடம் கட்டியதும் அதுவே. வெளியாருக்கு இழைக்கப்பட்ட இவை உள்ளூர்ப் பணியாளரின் நினைவில் பெரிதாக இடம்பெறாததற்குக் காரணம், அவர்களுக்கு அந்தத் தலைமை தந்த நிலைத்தன்மையே ஆகும்.

நிலைத்தன்மை ஆய்வகத்தில் என்ன செய்யும் என்பதற்குக் கார்ட்டிசோன் சான்று. மூட்டுவாதத்தின் கடும் வலியைத் தணிக்கும் இந்த ஹார்மோனை வேதிமுறையில் செய்வதற்கு முப்பதுக்கு மேற்பட்ட படிகள் தேவைப்பட்டதால் அதன் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. அதன் மூலக்கூறில் பதினோராவது கரியணுவின்மேல் ஓர் ஆக்சிஜனை ஏற்றுவதே இதில் மிகக் கடினமான பகுதி. அப்ஜானின் ஆய்வாளர்களான டியூரி பீட்டர்சனும் ஹெர்பர்ட் மர்ரேயும், ரொட்டியில் பூக்கும் பூஞ்சைக்கு உறவான ரைசோபஸ் இனம் ஒன்று புரோஜெஸ்டிரோனில் அந்த ஆக்சிஜனை ஒரே படியில் ஏற்றிவிடுவதைக் கண்டு 1952இல் வெளியிட்டார்கள். வேதியியலாளர்கள் வாணலியிலும் குடுவையிலும் போராடிக்கொண்டிருந்த காலத்தில் பூஞ்சைகளைப் பொறுமையாக வளர்த்துப் பார்க்க ஒரு நிர்வாகம் காத்திருந்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. இதைத் தொடர்ந்து வந்த ஸ்டீராய்டு மருந்துகளும், 1957இல் நீரிழிவுக்கு வாய்வழி மருந்தாக வந்த ஆரினேஸும், பதற்ற நோய்க்கு 1981இல் வந்த சானாக்ஸும் அந்த ஊரின் செல்வமாயின. இரத்த அழுத்தத்திற்காகத் தயாரித்த மினாக்சிடில், உட்கொண்டவர்களுக்கு உடலெங்கும் மயிர் வளரச் செய்ததால், 1988இல் ரோகெய்ன் என்னும் வழுக்கை மருந்தாக மறுபிறவி எடுத்தது. சானாக்ஸும் ரோகெய்னும் முறையே அல்பிரசோலம், மினாக்சிடில் என்ற பொதுப்பெயர்களில் இன்று தமிழ்நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைப்பவை.

செல்வத்திற்குக் கெடு வைப்பது காப்புரிமை. கண்டுபிடித்தவர் மட்டுமே விற்கலாம் என்று அரசு தரும் அந்தக் கால எல்லையிட்ட உரிமை முடிந்த மறுநாளே, அதே மூலப்பொருளைக் கொண்ட மலிவான ஜெனரிக் மருந்துகள் சந்தைக்கு வந்துவிடும். அப்ஜானின் முக்கிய மருந்துகள் பலவற்றுக்கு இந்தக் கெடு 1993, 1994 வாக்கில் ஒரே சமயத்தில் வந்தது. தூக்க மருந்தான ஹால்சியானுக்கு 1991இல் பிரிட்டன் தடை விதித்ததில் நிறுவனத்தின் நற்பெயரும் அடிபட்டிருந்தது. குடும்பத்திற்குப் பின் தலைமையேற்ற தியோடர் கூப்பர், முன்பு அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையில் உயர்பதவி வகித்த இதய அறுவை மருத்துவர். 1980லேயே நிறுவனத்தில் சேர்ந்துவிட்டதால் 1987இல் தலைவரானபோது அவரை ஊர் அந்நியராகப் பார்க்கவில்லை. 1993 ஏப்ரலில் அவர் பதவியிலிருக்கும்போதே இறந்தார். இயக்குநர் குழு, அதாவது பங்குதாரர் சார்பில் நிறுவனத்தை மேற்பார்வையிடும் அவை, உள்ளிருந்து ஒருவரை உயர்த்தாமல், மெர்க் நிறுவனத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டு பணியாற்றிய ஜான் ஜப்ரிஸ்கியை 1994 ஜனவரியில் அழைத்துவந்தது. நூற்றாண்டு கடந்த நிறுவனத்தில் நேராக மேல்நாற்காலிக்கு வெளியாள் வந்தமர்ந்தது அதுவே முதல்முறை. ஒற்றையாய் நின்று பிழைக்க முடியாத அளவிற்கு நிறுவனம் சிறியது என்று அவர் கருதியதில் பிழை காண்பது கடினம். ஆனால் அந்த முடிவுக்கு அவர் கண்ட வழிதான் கலமசூவைப் புரட்டிப்போட்டது.

1995 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு நவம்பரில் நிறைவேறிய இணைப்பின் மறுபாதி, ஸ்வீடனின் ஃபார்மசியா. 1911இல் ஸ்டாக்ஹோமில் ஒரு மருந்துக்கடையை ஒட்டிப் பிறந்து உப்சாலாவில் வளர்ந்த அந்நிறுவனம், இணைப்புக்கு இரண்டே ஆண்டு முன்பு இத்தாலியின் ஃபார்மிடாலியா கார்லோ எர்பாவை விழுங்கி அதைச் செரித்து முடிக்காத நிலையில் இருந்தது. ஆகவே ஃபார்மசியா அண்ட் அப்ஜான் என்ற புதுப் பெயரின்கீழ் உண்மையில் சேர்ந்தவை இரண்டல்ல, மூன்று மரபுகள். ஆண்டுக்குச் சுமார் 700 கோடி டாலர் விற்பனையும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பணியாளரும் கொண்ட இந்தக் கூட்டமைப்பில், எவரும் எவரையும் வாங்கவில்லை என்று காட்டுவதற்காக, மூன்று நாடுகளுக்கும் பொதுவான அந்நிய மண்ணாகிய இங்கிலாந்தில் ஒரு சிறு தலைமையகம் நிறுவப்பட்டது. ஸ்வீடனிலும் மிலானிலும் கலமசூவிலும் இருந்த பழைய தலைமையகங்கள் ‘மையங்கள்’ என்ற பெயரில் அப்படியே நீடித்தன. சமத்துவத்தைக் காக்க எடுத்த இந்த ஏற்பாடு, மூன்று மையங்களுக்கும் மேலே நான்காவதாக ஓர் அடுக்கைக் கூட்டியது என்பதைத் தவிர வேறெதையும் சாதித்ததாகத் தெரியவில்லை.

மூன்று நாட்டுப் பணியாளரும் எதில் இடறினார்கள் என்பதை அக்கால வணிகப் பத்திரிகைகள் விரிவாக எழுதின. அமெரிக்கர்கள் தம் வழக்கப்படி கோடையில் முக்கியக் கூட்டங்களைக் கூட்டியபோது, ஜூலையில் ஸ்வீடனும் ஆகஸ்டில் இத்தாலியும் விடுமுறையில் இருந்தன. மிலானின் நிறுவன உணவுக்கூடத்தில் மதிய உணவோடு திராட்சை மது பரிமாறுவது இயல்பான விருந்தோம்பல். கலமசூவிலோ பணிநேரத்தில் மது கூடாது என்பதோடு, பணியாளர்கள் போதைப்பொருளும் மதுவும் அருந்தியுள்ளனரா என்று சோதிக்கும் விதியும் இருந்தது. அந்த விதி ஐரோப்பாவுக்கு வந்தபோது அங்கிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். சிறு குழுக்களாக அமர்ந்து பேசி ஒத்தகருத்துக்கு வந்தபின் செயல்படுவது ஸ்வீடன் நாட்டவரின் முறை. மேலிருந்து இலக்குகளை வகுத்து, வரவுசெலவுக் கணக்கும் பணிவிவர அறிக்கையும் அடிக்கடி கேட்கும் அமெரிக்க முறை அவர்களுக்குத் தம்மீது நம்பிக்கையில்லை என்று சொல்வதாகப் பட்டது. காலப்போக்கில் அவற்றைப் பொருட்படுத்துவதையே விட்டுவிட்டார்கள். கலமசூவிலிருந்தவர்களின் ஆற்றாமை இதற்கு நேர்மாறானது. முன்பு ஒரே வளாகத்தில் மாடியேறிச் சென்று முடித்த காரியங்கள் இப்போது கடல்கடந்து சென்று திரும்பவேண்டியிருந்தன. திரும்பிவரும் பதில் யாருடையது என்பதே பலமுறை விளங்கவில்லை.

இங்கே ஆய்வாளரின் நிலையைத் தனியாக எடுத்துப் பார்ப்பது தகும். இரு நிறுவனங்கள் இணையும்போது, இரண்டின் ஆய்வுத் திட்டங்களையும் ஒரு பட்டியலில் வைத்து, எவற்றைத் தொடர்வது, எவற்றை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் மதிப்பீடு நடக்கும். எதிர்பார்க்கும் சந்தை, செலவு, வெற்றி வாய்ப்பு ஆகியவற்றைக் கொண்டு எண்களால் நடத்தப்படும் அந்த மதிப்பீட்டில், ஒரு திட்டம் சோதனையில் தோற்காமலே கைவிடப்படலாம். மருந்து ஆய்வாளர் தோல்விக்குப் பழகியவர். எடுத்த மூலக்கூறுகளில் பெரும்பாலானவை வீணாகும் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். ஆனால் எலியோ நோயாளியோ தராத தீர்ப்பை, இன்னும் ஈராண்டில் அவ்விடத்தில் இருக்கப்போகிறாரா என்றே தெரியாத ஒரு புதிய அதிகாரி தரும்போது, அது தோல்வியாகக்கூட எண்ணப்படாமல், செய்த வேலையே நடவாததுபோல் ஆகிவிடுகிறது. மேலும் இணைப்பு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து மதிப்பீடு முடியும்வரை புதிதாக எதையும் தொடங்குபவர் அரிது. வெளியில் வேலை கிடைக்கக்கூடிய திறமுள்ளவர்களே முதலில் கிளம்பிவிடுவதால், எண்களில் ஆட்குறைப்பு தோன்றுமுன்பே ஆய்வகம் மெலிந்துவிடும்.

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவிலும் கலமசூவில் ஒரு பெரிய மருந்து உருவாயிற்று என்பது ஆய்வாளரின் வழக்குக்கு வலுச்சேர்க்கும் செய்தி. ஆக்சசோலிடினோன் எனப்படும் வேதிப்பொருள் வகைக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்று 1980களில் காட்டிய டூபாண்ட் நிறுவனம், நச்சுத்தன்மை காரணமாக அதைக் கைவிட்டது. ஸ்டீவன் பிரிக்னர் முதலிய அப்ஜான் வேதியியலாளர்கள் அதை எடுத்துக்கொண்டு, நச்சு நீங்கும்படி மூலக்கூறைத் திருத்தித் திருத்தி லினசோலிட் என்ற மருந்தை உருவாக்கினார்கள். வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அடங்காத கிருமிகளையும் அடக்கும் இது, ஸைவாக்ஸ் என்ற பெயரில் 2000 ஏப்ரலில் அமெரிக்க ஒப்புதல் பெற்றபோது, பல பத்தாண்டுகளுக்குப் பின் வந்த புதிய வகை நுண்ணுயிர்க்கொல்லியாகக் கொண்டாடப்பட்டது. ஆய்வு கருக்கொண்டது கூப்பரின் காலத்தில். ஒப்புதல் வந்தபோது அவருக்குப் பின் வந்த மூன்றாமவர் ஆண்டுகொண்டிருந்தார்.

இலாப எதிர்பார்ப்புகள் தொடர்ந்து பொய்த்ததால் ஜப்ரிஸ்கி 1997 ஜனவரியில் பதவி விலகினார். சில மாதங்கள் ஸ்வீடன் தரப்பைச் சேர்ந்த யான் எக்பெர்க் இடைக்காலப் பொறுப்பில் இருக்க, அமெரிக்கன் ஹோம் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்திலிருந்து ஃப்ரெட் ஹசன் மே மாதம் வந்துசேர்ந்தார். இன்றைய பாகிஸ்தானில் பிறந்து அமெரிக்காவில் உயர்ந்த ஹசன் இத்தொழிலில் மதிக்கப்பட்ட நிர்வாகி. விண்ட்சர் ஏற்பாடு உதவாது என்பதை உடனே உணர்ந்து தலைமையகத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். கலமசூவில் அந்தச் செய்தி எழுப்பிய நம்பிக்கை அற்பாயுளுடையது. தலைமையகம் திரும்பி வந்தது மிச்சிகனுக்கு அல்ல, மருந்து நிறுவனங்கள் நெருங்கி வாழும் நியூ ஜெர்சிக்கு. பங்குச்சந்தை கணக்கில் ஹசனின் காலம் வெற்றியே. ஆனால் 1999 டிசம்பரில் விதை, வேளாண் வேதிப்பொருள் நிறுவனமான மான்சான்டோவுடன் அடுத்த இணைப்பை அவர் அறிவித்தார். மான்சான்டோவின் கையிலிருந்த சர்ல் மருந்து நிறுவனமும், அதன் மூட்டுவலி மருந்தான செலிப்ரெக்ஸுமே இதில் உண்மையான கவர்ச்சி. 2000 மார்ச் இறுதியில் அது நிறைவேறியபோது புதிய கூட்டமைப்பு ஃபார்மசியா கார்ப்பரேஷன் என்று அழைக்கப்பட்டது. அப்ஜான் என்ற பெயர் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

செலிப்ரெக்ஸை ஃபார்மசியாவோடு கூட்டாக விற்றுவந்த ஃபைசர், அதன் வருவாயை முழுதாகத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் நோக்கத்தோடு 2002 ஜூலையில் சுமார் 6000 கோடி டாலர் மதிப்பில் ஃபார்மசியாவை வாங்குவதாக அறிவித்தது. போட்டிச் சட்ட அதிகாரிகளின் ஒப்புதலுக்காக ஒன்பது மாதம் பிடித்தது. அந்த ஒன்பது மாதமும் கலமசூவின் பணியாளர்கள் பழைய தலைமைக்குப் பணிந்து, புதிய தலைமையின் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். பழைய தலைமையால் வாக்குறுதி தர இயலாது, புதிய தலைமைக்கு இன்னும் சட்ட அதிகாரம் கிடையாது. 2003 ஏப்ரல் 16 அன்று விற்பனை முடிந்தது. ஹசன் அதே மாதத்தில் ஷெரிங்-ப்ளவ் நிறுவனத்தின் தலைவராகச் சென்றார். அம்மாத இறுதிக்குள்ளாகவே, கலமசூவில் மனிதருக்கான மருந்துகளைக் கண்டுபிடிக்கும் ஆய்வு நிறுத்தப்படும் என்பது தெரிந்துவிட்டது. கலமசூவை ஒட்டிய போர்ட்டேஜில் இருந்த பேராலையும், கால்நடை மருந்து ஆய்வும் தப்பின. தலைமை மாற்றத்தின் சேதம் எல்லார்மேலும் ஒன்றுபோல் விழுவதில்லை என்பதற்கு இது தெளிவான சான்று. பெரும் எந்திரங்களையும் அரசு ஒப்புதல்களையும் கொண்ட ஆலையைப் பெயர்த்தெடுப்பது செலவு மிக்க வேலை. ஆய்வாளரின் மேசையைக் காலிசெய்யச் சில அட்டைப்பெட்டிகள் போதும்.

இந்நகரம் இழப்புக்குப் புதியதன்று. செக்கர் நிறுவனம் 1982இல் டாக்சி செய்வதை நிறுத்தியிருந்தது. கிப்சன் நிறுவனம் 1984இல் கிதார்த் தொழிலை நாஷ்வில்லுக்குக் கொண்டுபோனபோது, உடன்செல்ல மறுத்த சில கைவினைஞர்கள் அதே பழைய கட்டடத்திலேயே ஹெரிடேஜ் என்ற பெயரில் தங்கள் கிதார்ப் பட்டறையைத் தொடங்கினார்கள். 2003இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் எடுத்த முடிவும் அதையே ஒத்தது. உள்ளூர்ப் பொருளாதார வளர்ச்சி அமைப்பும் மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகமும் துணைநிற்க, அவ்வாண்டே திறக்கப்பட்ட ஆய்வுக்கூடத் தொகுப்பில் வாடகைக்கு இடம்பிடித்து, பிற நிறுவனங்களுக்கு மூலக்கூறு செய்துதரும் சிறு நிறுவனங்களை நிறுவினார்கள். பணத்திற்காக மட்டும் இப்படிச் செய்தார்கள் என்று கொள்ள இடமில்லை. அடுத்த இணைப்புக்கு ஆளாகாத மேலதிகாரி வேண்டும் என்றால் அந்த இடத்தில் தாமே அமர்வதைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

ஃபைசரின் பேச்சை ஏற்றுக்கொண்டவர்களுக்கு நேர்ந்தது அதைவிட வேதனையானது. கலமசூவின் ஆய்வாளர் பலருக்கு, கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆன் ஆர்பரில் வேலை தரப்பட்டது. அங்கிருந்த வளாகம் பழைய பார்க்-டேவிஸின் ஆய்வகம். உலகிலேயே மிகுதியாக விற்ற கொலஸ்டிரால் மருந்தான லிபிட்டார் பிறந்த இடம். அப்படிப்பட்ட இடத்தை யாரும் மூடமாட்டார்கள் என்று நம்பி, வீட்டை விற்று, பிள்ளைகளின் பள்ளியை மாற்றிக் குடிபெயர்ந்தார்கள். மேலிடத்தில் இதற்குள் மற்றொரு புயல் அடித்துக்கொண்டிருந்தது. பங்குவிலை சரிந்துகொண்டிருக்கையில் தலைவர் ஹாங்க் மக்கின்னெல்லுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஓய்வூதியத் தொகையைக் கண்டித்து, 2006இல் லிங்கன் நகரில் நடந்த பங்குதாரர் கூட்டத்தின் மேலே விமானம் ஒன்று பதாகையை இழுத்துக்கொண்டு பறந்தது. அவ்வாண்டு ஜூலையில் அவர் அகற்றப்பட்டு, மக்டொனால்ட்ஸ் உணவக நிறுவனத்தில் பணியாற்றி 2002இல் சட்ட அலுவலராக ஃபைசருக்கு வந்த ஜெஃப் கிண்ட்லர் தலைவரானார். டிசம்பரில், லிபிட்டாருக்கு வாரிசாக எண்ணியிருந்த டார்செட்ராபிப் என்ற மருந்து, உட்கொண்டவரிடையே இறப்பைக் கூட்டியதால் கைவிடப்பட்டது. 2007 ஜனவரி 22 அன்று கிண்ட்லர் உலகெங்கும் 10,000 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தபோது, சுமார் 2,100 பேர் பணியாற்றிய ஆன் ஆர்பர் வளாகம் முழுவதும் மூடப்படும் என்பதும் அதில் அடங்கியிருந்தது. தோற்ற மருந்து கனெக்டிகட் மாநிலத்தின் கிராட்டன் ஆய்வகத்தில் பிறந்தது. மூடப்பட்டது வென்ற மருந்தைத் தந்த ஆய்வகம். நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டாம் முறையாக வேலையிழந்தவர்களின் சினத்தைச் சோம்பலென்றோ மாற்றத்திற்கு அஞ்சுதல் என்றோ விளக்கிய நிர்வாகவியல் கட்டுரைகள், இந்த ஒரு விவரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

கிண்ட்லரும் 2010 டிசம்பரில் திடீரெனப் பதவி விலகினார். ஆன் ஆர்பர் வளாகத்தை மிச்சிகன் பல்கலைக்கழகம் 2009இல் வாங்கியது.

அப்ஜான் என்ற பெயருக்கு இதன்பின் நேர்ந்தவை தனிக் கதை. சர்ல் ஆய்வகத்திலிருந்து வந்த பெக்ஸ்ட்ரா என்ற வலிநிவாரணி உள்ளிட்ட சில மருந்துகளை, ஒப்புதல் பெறாத பயன்களுக்கு விளம்பரப்படுத்தியதற்காக 2009இல் ஃபைசர் 230 கோடி டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அவ்வழக்கில் பெக்ஸ்ட்ரா தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது, காகிதத்தில் மட்டும் உயிரோடிருந்த ஃபார்மசியா அண்ட் அப்ஜான் என்னும் துணை நிறுவனம். கலமசூ கண்டுபிடிக்காத மருந்தின் பழி கலமசூவின் பெயரில் எழுதப்பட்டது. பத்தாண்டு கழித்து, காப்புரிமை முடிந்த தன் பழைய மருந்துகளைத் தனிப்பிரிவாக்கிய ஃபைசர், அதற்கு அப்ஜான் என்று பெயரிட்டுத் தலைமையகத்தை ஷாங்காயில் அமைத்தது. 2020 நவம்பரில் அப்பிரிவு மைலான் நிறுவனத்தோடு இணைந்து வியாட்ரிஸ் ஆனபோது அந்தப் பெயர் மறுபடியும் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் 13ஆம் நாள், அமெரிக்காவின் முதல் கோவிட் தடுப்பூசிப் பெட்டிகளைச் சுமந்த லாரிகள் புறப்பட்டது போர்ட்டேஜில் தப்பிப்பிழைத்த பழைய அப்ஜான் ஆலையிலிருந்துதான். அந்த ஆலையை விரிவாக்குவதா சுருக்குவதா என்ற முடிவு மட்டும் இன்றும் நியூயார்க்கிலேயே எடுக்கப்படுகிறது.